14,000 பவுண்ட் ஃபிஃப்த் வீல் இழுக்க முக்கால் டன் ட்ரக் போதுமா, இல்ல டூயலி தான் கதியா?

பெருந்துறையான்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. டல்லாஸ் பக்கம் பிளேனோல இருக்கேன், சொந்த ஊரு பேர்லயே இருக்கு. இத்தன நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்ப தான் முதல் தடவையா கேள்வி கேக்கறேன், ஏற்கனவே பேசுன விஷயமா இருந்தா திட்டாதீங்க.

என்ன ஆச்சுன்னா, ஆபீஸ்ல கூட வேலை செய்யறவரு ஃப்ளோரிடா மாறிப் போறாரு, அவரோட ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர நல்ல விலைக்கு குடுக்கறேன்னாரு, நானும் வீட்டம்மாவும் போய் பாத்தோம், உள்ள கிச்சன், பங்க் பெட் எல்லாம் பாத்ததும் பசங்க இறங்க மாட்டேங்கறாங்க, அன்னைக்கே செக் எழுதிட்டோம். 36 அடி நீளம், ரெண்டு ஆக்ஸில், காலியா 11,200 பவுண்ட், சாமானோட அதிகபட்சம் 14,000னு சைடுல ஸ்டிக்கர் இருக்கு. இப்ப ஸ்டோரேஜ் யார்டுல நிக்குது, இழுக்க வண்டி தான் இல்ல. பொண்ணு பாக்கறதுக்கு முன்னாடியே மண்டபம் புடிச்ச கதையா இருக்குன்னு எங்கம்மா சிரிக்கறாங்க.

ஜூன் மாசம் ஸ்கூல் லீவு விட்டதும் கொலராடோ போகணும். 287 ஹைவே புடிச்சு அமரில்லோ, அங்கிருந்து ராட்டன் பாஸ் வழியா டென்வர், அப்புறம் ஐ-70ல ஐசன்ஹவர் டனல் தாண்டி அந்தப்பக்கம். நாங்க நாலு பேரு, ஊர்ல இருந்து வந்திருக்கற அம்மா ஒருத்தங்க, மொத்தம் அஞ்சு.

டீலர்கிட்ட போனா சேல்ஸ்மேன் ஒரு முக்கால் டன் டீசல காட்டி, புது வண்டி, நாலு கதவு, ஃபோர் வீல் டிரைவ், மேல கண்ணாடிக் கூரை எல்லாம் இருக்கு, "இது 18,000 பவுண்ட் இழுக்கும் சார், உங்களுது 14,000 தானே, நாள் பூரா அசால்ட்டா இழுக்கும்"ங்கறாரு. ஒரு டன் வண்டிக்கு அவசியமே இல்லையாம். எனக்கு மனசுல என்னமோ ஒறுத்துது. இதுவரைக்கும் நான் இழுத்த பெரிய வண்டி யூஹால் ட்ரெய்லர் தாங்க, பொய் சொல்லல. முக்கால் டன் (250 / 2500) போதுமா? ஒரு டன் (350 / 3500) போகணுமா? பின்னாடி நாலு டயர் இருக்கற டூயலி தான் வேணுமா? எந்த கம்பெனி? டீசல் தேவையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


கம்மின்ஸ்_வெறியன்:

அண்ணா இதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்கு, ரேம் 3500 கம்மின்ஸ் டீசல் எடுங்க. நேர் வரிசைல ஆறு சிலிண்டர், லாரி இன்ஜின் பரம்பரை. 2025ல இருந்து இசட்எஃப் கம்பெனியோட எட்டு கியர் ஆட்டோமேட்டிக் வேற வந்துருச்சு. மத்ததெல்லாம் சும்மா பந்தா.


அமரில்லோ_அண்ணாச்சி:

வந்துட்டான்யா கம்மின்ஸு. தம்பி பெருந்துற, அவன் சொல்லுதத ஓரமா வைங்க, கம்பெனி சண்டைய கடைசில பாப்போம். ஃபோர்டு 6.7 பவர் ஸ்ட்ரோக் ஹை அவுட்புட் 1,200 பவுண்ட்-அடி டார்க் (சுத்துத விசை), கம்மின்ஸ் ஹை அவுட்புட் 1,075, ஜிஎம் டியூராமேக்ஸ் 975. ஒங்க ட்ரெய்லர இந்த மூணுல எது வேணாலும் இழுத்துட்டுப் போயிரும். இழுக்கது பிரச்சினையே இல்ல, இன்னைக்கு வர்ற டீசல் எல்லாம் வீட்டையே இழுக்கும். பிரச்சினை என்னன்னா சுமக்கது.

ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் பம்பர்ல தொங்குத ட்ரெய்லர் மாதிரி கிடையாது. அதோட மூக்கு ட்ரக்கோட தொட்டிக்குள்ள, பின் ஆக்ஸில் மேல வந்து ஒக்காருது. மொத்த எடைல அஞ்சுல ஒரு பங்குல இருந்து நாலுல ஒரு பங்கு வரைக்கும் ட்ரக்கோட முதுகுல தான். அதுக்கு பேரு பின் (pin) வெயிட். சாமானெல்லாம் ஏத்தி 14,000க்கு வந்துட்டுன்னு வைங்க, 22 சதவீதம் போட்டாலே 3,080 பவுண்ட். ட்ரெய்லர் காலியா இருக்கும்போது ப்ரோஷர்ல போட்டிருக்க பின் வெயிட்ட நம்பாதீங்க, மூக்குப் பக்கம் தான் பேஸ்மெண்ட் ஸ்டோரேஜ் இருக்கும், நம்ம ஆளுக அரிசி மூட்டைல இருந்து இட்லி கிரைண்டர் வரைக்கும் அங்க தான் அடுக்குவோம்.

இப்ப ஒண்ணு செய்ங்க. அந்த முக்கால் டன் வண்டியோட டிரைவர் கதவத் தொறங்க. கதவு சாத்துத தூணுல மஞ்சளும் வெள்ளையுமா டயர் பிரஷர் போட்ட ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதுல "ஆளும் சாமானும் சேந்து இத்தன பவுண்டுக்கு மேல போகக்கூடாது"ன்னு ஒரு நம்பர் இருக்கும். அது தான் பேலோடு. அந்த மாடலுக்கு பொதுவா சொல்லுத நம்பர் இல்ல, அங்க நிக்குத அந்த ஒரு வண்டிக்கு மட்டும் உள்ள நம்பர். ப்ரோஷர்ல பெருசா போடுத நம்பர் எதுக்குன்னா, ரெண்டே கதவு, டூ வீல் டிரைவ், ஒண்ணுமே இல்லாத மொட்ட வண்டிக்கு. ஃபோர் வீல் டிரைவு, பெரிய கேபின், கண்ணாடிக் கூரை, டீசல் இன்ஜின் எல்லாத்தோட எடையும் அதுல இருந்து தான் கழியும். நெறைய முக்கால் டன் வண்டிக்கு மொத்த எடை வரம்பே 10,000 பவுண்ட், டீசலும் நாலு கதவுமா வண்டியே 8,000 வந்துட்டுன்னா மிச்சம் என்ன இருக்கும், நீங்களே பாத்துக்கிடுங்க.

18,000 இழுக்கும்னு சொன்னாருல்ல, அது முழுப் பொய் இல்ல, ஆனா பாதி தான் உண்மை. எஸ்ஏஇ ஜே2807னு ஒரு டெஸ்ட் இருக்கு, அரிசோனால டேவிஸ் டேம் மேட்டுல வெயில் காலத்துல ஏசிய முழுசா போட்டு ஏத்துவான், வேகம் ஒரு அளவுக்கு கீழ கொறையக் கூடாது, இன்ஜின் சூடாகக் கூடாது. நல்ல டெஸ்ட் தான். ஆனா வண்டிக்குள்ள ஆளுக்கு 150 பவுண்ட்னு ரெண்டே பேரு. ஒங்கம்மாவும் பிள்ளைகளும் அந்தக் கணக்குல கிடையாது.

என் கதையச் சொல்லுதேன். எட்டு வருசத்துக்கு முந்தி ஒரு முக்கால் டன்ல 12,500 பவுண்ட் ஃபிஃப்த் வீல மாட்டிட்டு டால்ஹார்ட் தாண்டி கிளேட்டன் ரோட்டுல ராத்திரி போறேன். எதுக்க வர்ற லாரிக்காரன்லாம் லைட்ட அடிச்சு அடிச்சு காட்டுதான். பரவால்லயே, ட்ரெய்லர் ஓட்டுதவனுக்கு எம்புட்டு மரியாதன்னு நானும் பதிலுக்கு லைட் அடிச்சிட்டே போனேன். அப்புறம் பெட்ரோல் பங்க்ல நிறுத்தி எறங்கிப் பாத்தா வண்டி பின்னாடி அப்பிடியே குந்திக் கெடக்கு, மொகம் வானத்தப் பாக்கு, என் ஹெட்லைட் பூரா அவம் கண்ணுல அடிச்சிருக்கு. பின்னாடி குந்துனா முன்னாடி சக்கரத்துல பாரம் கொறையும், ஸ்டியரிங் தண்ணியில மெதக்குத மாதிரி ஆடும். அந்தப் பக்கம் அடிக்குத பக்கவாட்டுக் காத்துல அது எப்பிடி இருக்கும்னு கேக்காதீங்க. வீட்டுக்காரி அன்னைக்கு சாமி பேரு சொல்ல ஆரம்பிச்சவ ராட்டன் வரைக்கும் நிறுத்தல.

பின்னாடி ஏர்பேக் போட்டா சரியாயிருமேன்னு யாராவது வருவான். வண்டி நிமுந்து நிக்கும், அம்புட்டுத் தான். ஆக்ஸில், டயர், பிரேக் அதே தான், ஸ்டிக்கர்ல உள்ள நம்பர் ஒரு பவுண்ட் கூட ஏறாது.


பதினெட்டுச்சில்லு:

வணக்கம். நான் கனடாவில இருந்து. பதினாலு வருசமா பெரிய லொறி ஓடுறன், ஐ-70 எனக்கு வீட்டு முத்தம் மாதிரி. அண்ணாச்சி சொன்ன கணக்கு சரி, அதில நான் கை வைக்கேல்ல. நான் இறக்கத்தைப் பற்றிக் கதைக்கிறன், ஏனெண்டால் எல்லாரும் ஏத்தத்தைப் பற்றித் தான் கேக்கினம், ஆக்கள் மாட்டுப்படுறது இறக்கத்தில.

ஐசன்ஹவர் டனல் 11,158 அடி உயரத்தில கிடக்கு. அங்க ஏறேக்க காத்து மெல்லிசு, டர்போ இல்லாத பெற்றோல் எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் கிட்டத்தட்ட மூண்டு வீதம் சக்தி இழக்கும், டனல் வாசலில மூண்டில ஒரு பங்கு போயிடும். டீசலுக்கு டர்போ இருக்கிறபடியால் அந்தக் கரைச்சல் குறைவு. சரி, ஏறியாச்சு. டனலால வெளிய வந்த உடனை சில்வர்தோர்ன் பக்கம் ஏழு வீதச் சரிவு, மைல் கணக்கா. கரையில லொறிகள் பிறேக் போனால் ஏறி நிக்கிறதுக்கு சரளைக்கல்லுப் பாதை போட்டிருக்கு, அது சும்மா வடிவுக்குப் போடேல்ல.

டீசல் எடுக்கச் சொல்லி நான் சொல்லுறதுக்கு முதல் காரணம் எக்ஸோஸ்ட் பிறேக். டர்போவுக்குள்ள இருக்கிற இதழுகள் மூடி, புகை போற வழியை நெருக்கி எஞ்சினை இழுத்துப் பிடிக்கும். எங்கட பெரிய லொறியில இருக்கிற ஜேக் பிறேக் வேற சாமான், அந்தளவு பலம் இல்லை, ஆனால் உங்கட பாரத்துக்குக் காணும். இறக்கம் தொடங்க முதலே, பாரம் இழுக்கிறதுக்கெண்டு இருக்கிற டோ-ஹோல் மோட் போட்டு, எக்ஸோஸ்ட் பிறேக்கையும் போட்டு, வேகத்தைக் குறைச்சுக்கொண்டு இறங்குங்கோ. இறங்கத் தொடங்கின பிறகு குறைக்கலாம் எண்டு நினைக்காதேங்கோ. கால் பிறேக்கை மெல்லமாத் தொட்டுக்கொண்டே போகக் கூடாது, அது சூடாகிக் கருகும், ஒரு மணம் வரும், அந்த மணம் வந்தால் ஏற்கனவே பிந்திப் போச்சு. உறுதியா ஒருக்கா அமத்தி பத்து மைல் குறைச்சு, காலை எடுத்து ஆற விடுங்கோ, பிறகு திரும்ப.

ட்ரெய்லர் பிறேக்குக்கு ட்ரக்கிலயே கொன்ட்ரோலர் வரும், வராட்டி எடுக்காதேங்கோ. வெறும் பார்க்கிங் லொட்டில இருபத்தஞ்சு மைல் வேகத்தில போய், அதில இருக்கிற கைப்பிடியை மட்டும் அமத்திப் பாருங்கோ. ட்ரெய்லர் சில்லு பூட்டி இழுபடுறதுக்குக் கொஞ்சம் முதல் எந்த இலக்கத்தில நிக்குதோ அது தான் உங்கட கெயின், ட்ரெய்லர் பிறேக் எவ்வளவு பலமாப் பிடிக்க வேணும் எண்ட அளவு. பாரம் மாறினால் திரும்பப் பாக்க வேணும். காத்தில ட்ரெய்லர் வால் ஆட்டத் தொடங்கினால் ட்ரக் பிறேக்கில ஏறி மிதிக்காதேங்கோ, காலை அக்ஸிலேட்டரில இருந்து எடுத்துப்போட்டு அந்தக் கைப்பிடியை அமத்தினால் ட்ரெய்லர் தன்னைத் தானே பின்னுக்கு இழுத்து நேராகும். ஃபிஃப்த் வீல் அவ்வளவா ஆடாது, எண்டாலும் கை அந்த இடத்தைப் பழகி வைச்சிருக்க வேணும்.

பிறேக்கவே சுவிச்சின்ர கம்பியைப் பாதுகாப்புச் சங்கிலியிலயோ ஹிட்ச்சிலயோ கொழுவிறவை இருக்கினம். அதை ட்ரக்கில தனியாக் கொழுவுங்கோ. ஹிட்ச் கழண்டால் தானே அது இழுபட்டு ட்ரெய்லர் பிறேக் பிடிக்க வேணும், ஹிட்ச்சிலயே கட்டினால் ரெண்டும் சேந்து போகும்.

கடைசியா, ட்ரெய்லர் ரயர் எந்த வருசம்? ரயர்ப் பக்கத்தில டிஓடி எண்டு தொடங்கிற வரிசையில கடைசி நாலு இலக்கம் பாருங்கோ.


பெருந்துறையான்:

அண்ணாச்சி, பதினெட்டுச்சில்லு அண்ணா, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றிங்க. நேத்து சாயங்காலம் டீலர்கிட்ட போய் கதவத் தொறந்து போன் லைட் அடிச்சு பாத்தேன். 2,013 பவுண்ட். கணக்கு போட்டேன்: நாங்க அஞ்சு பேரு 640, ஹிட்ச் 200, தொட்டில டூல்ஸ் சாமான் 150, பின் வெயிட் 3,080. கூட்டுனா 4,070. அதாவது ரெண்டு மடங்குக்கு மேல! பேப்பர்ல எழுதி சேல்ஸ்மேன்கிட்ட காட்டினேன், அவரு அந்த ஸ்டிக்கர முதல் தடவையா பாக்கற மாதிரி குனிஞ்சு பாத்துட்டு "எல்லாரும் இதுல தான் சார் இழுக்கறாங்க"ன்னாரு. வந்துட்டேன்.

டயர் நம்பர் 1417ங்க. 2017ல பதினாலாவது வாரம்னு தேடிப் பாத்து தெரிஞ்சுகிட்டேன். பட்டன் எல்லாம் புதுசாட்டவே இருக்கு, ஓட்டவே இல்ல போல.

அதே இடத்துல ஒரு டன் சிங்கிள் ரியர் வீல் (பின்னாடி பக்கத்துக்கு ஒரே டயர்) ஒண்ணு இருந்துது, ஸ்டிக்கர் 3,800. டூயலி ஒண்ணு 5,500. சிங்கிள்ல 270 தான் அதிகம் வருது, அம்மாவ ஃப்ளைட்ல டென்வர் அனுப்பிட்டா பாதி சரியாயிரும்னு சொன்னேன், வீட்டுல அந்த ஜோக் எடுபடல. ஆனா நெஜமாவே கேக்கறேன், 270 பவுண்ட் அவ்ளோ பெரிய விஷயமா? டூயலின்னா வீட்டம்மா பயப்படறாங்க, வாரத்துல ரெண்டு நாள் பசங்கள ஸ்கூல்ல விடறது அவங்க தான்.


பதினெட்டுச்சில்லு:

2017 ரயரில ராட்டன் ஏறாதேங்கோ. பட்டன் இருக்கிறது கணக்கில்லை, நிண்டு நிண்டு வெயிலில உள்ளுக்கு வெடிச்சுப் போயிருக்கும். அஞ்சு வருசம் தாண்டினால் நாலையும் மாத்துறது தான். ட்ரெய்லருக்கெண்டு வாற எஸ்டி ரயர் நிறைய மணிக்கு 65 மைலுக்கு மேல தாங்காது, பக்கத்தில எழுதியிருக்கும், உங்கட 287இல 75 போடலாம் எண்டு பலகை சொன்னாலும். ஐ-70இல ரயர் வெடிச்சு அந்தப் பட்டை சுழண்டு அடிச்சு ட்ரெய்லரின்ர அடித்தட்டையும் தண்ணிக் குழாயையும் கிழிச்சுக்கொண்டு போனதை என்ர கண்ணால கண்டனான், சமையல் பாத்திரம் எல்லாம் ரோட்டில உருளுது.


கேட்டி_மதுரக்காரி:

தம்பி, உங்க வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லுங்க, நான் அஞ்சடி ஒரு இஞ்ச், நாலு வருசமா டூயலி ஓட்டுறேன். முத வாரம் அழுதேன், உண்மைய மறைக்கல. பின்னாடி ஃபெண்டர் ரெண்டு பக்கமும் இடுப்பு மாதிரி துருத்திக்கிட்டு இருக்கும், அத மறந்துட்டு பேங்க் டிரைவ்-த்ருல நுழைஞ்சு மஞ்சத் தூண்ல ஒரு கோடு இழுத்தேன், இன்னும் அந்தக் கோட்ட வச்சுத்தான் எங்க வீட்டுல என்னய ஓட்டுறாங்ங. அதுக்கப்பறம் கண்ணாடியப் பாத்து ஓட்ட பழகியாச்சு. ஆட்டோமேட்டிக் கார்வாஷ் போக முடியாது, வீட்டு கராஜுக்குள்ள கனவுல கூட போகாது, கடைல கடைசி வரிசைல தான் நிறுத்தணும், ஹெச்ஓஏ (குடியிருப்பு சங்கம்) ரூல்ஸ ஒருக்கா படிச்சுருங்க, டிரைவ்வேல நிறுத்தக்கூடாதுன்னு சில எடத்துல எழுதி வச்சிருப்பாங்ங. ஸ்கூல் கார் லைன்ல மட்டும் எல்லாரும் வழி விடுவாங்ங.

ஆனா ட்ரெய்லர மாட்டிட்டா டூயலி வேற ஜாதி. நாலு டயரும் அகலமா ஊன்டி நிக்கும், காத்து அடிச்சாலும் லாரி பக்கத்துல கடந்து போனாலும் ஒரு தள்ளு தள்ளும், அவ்வளவுதான். பின்னாடி ஒரு டயர் போச்சுன்னாலும் பக்கத்துல இன்னொன்னு தாங்கி நிக்கிது, ஓரங்கட்ட நேரம் கிடைக்கும். சிங்கிள்ல அந்த மூக்கு எடை பூராவும் ரெண்டே டயர் மேல. 125 லோட் இண்டெக்ஸ் டயரே ஒண்ணுக்கு 3,640 பவுண்ட் தான் தாங்கும், வண்டியோட பின்பக்க எடையும் பின் வெயிட்டும் சேத்துப் பாருங்க, எவ்வளவு ஓரத்துல நிக்கிறீங்கன்னு தெரியும். 270 பெருசான்னு கேட்டா, இன்னைக்கு பெருசில்ல. அடுத்த வருசம் பிள்ளைங்க வளந்துருவாங்ங, நீங்க ஜெனரேட்டர் வாங்குவீங்க, தண்ணி டேங்க நிரப்பிட்டு போகலாம்னு தோணும், ஒரு கேலன் தண்ணி எட்டே கால் பவுண்டுக்கு மேல. நாங்க அப்படித்தான் சிங்கிள்ல ஆரம்பிச்சு ரெண்டே வருசத்துல நஷ்டத்துக்கு மாத்துனோம்.

இப்ப யாருமே சொல்லாத ஒண்ணு சொல்றேன். டெக்ஸாஸ்ல ட்ரக்கோட எடை வரம்பும் ட்ரெய்லரோட எடை வரம்பும் கூட்டி 26,001 பவுண்டோ அதுக்கு மேலயோ வந்து, ட்ரெய்லர் 10,000த்துக்கு மேல இருந்தா சாதா கிளாஸ் சி லைசென்ஸ் செல்லாது, கமர்ஷியல் இல்லாத கிளாஸ் ஏ வாங்கணும். டூயலி 14,000, உங்க ட்ரெய்லர் 14,000, ஆக 28,000. எழுத்துப் பரிட்சையும் இருக்கு, ட்ரெய்லரோட ஓட்டியும் காட்டணும். நிஜமா ஏத்துன எடை எவ்வளவுங்கிறது இதுக்கு கணக்கில்ல, ஸ்டிக்கர்ல இருக்க வரம்பு தான். சிங்கிள் ஒரு டன்னுலயே 11,500னா 25,500, தப்பிச்சுக்கலாம், 12,400னா 26,400, மாட்டிக்குவீங்க. ஒரே மாடல்ல ரெண்டு வகையும் இருக்கு. ஜூனுக்குள்ள அப்பாயின்மென்ட் கிடைக்கணும்னா இன்னைக்கே போடுங்க.


கணக்குப்பிள்ளை:

எல்லாரும் சேந்து அவர ஒரு லட்சம் டாலர் வண்டிக்கு தள்ளிட்டு போறீங்க, யாராவது ஒருத்தன் எதிர்க்கட்சியா இருக்கணும்ல. வருஷத்துக்கு எத்தன தடவை போவீங்க சார்? ரெண்டு தடவைன்னா, ட்ரெய்லர கொண்டுபோய் விடறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க, டூயலி வச்சு அதையே தொழிலா பண்றாங்க, மைலுக்கு இவ்ளோன்னு. கொலராடோல ஒரு கேம்ப் சைட்ட சீசனுக்கு எடுத்து அங்கயே நிறுத்திட்டு நீங்க குடும்பத்தோட மினிவேன்ல ஜாலியா போலாம்.

ட்ரக் தான் வேணும்னா பெட்ரோல் இன்ஜினையும் பாருங்க. ஃபோர்டு 7.3 வி8, ஜிஎம் 6.6, ரெண்டும் முரட்டு இன்ஜின். டீசலுக்குன்னு கூட பத்தாயிரம் டாலர் பக்கம் குடுக்கணும், அதுவும் போக டீசல் இன்ஜினோட எடை பேலோட்ல இருந்து தான் போகுது, அதே ட்ரக்க பெட்ரோல்ல எடுத்தா ஸ்டிக்கர் நம்பர் நல்லா ஏறும். டெக்ஸாஸ் சமவெளிக்குள்ளயே சுத்தறவங்களுக்கு நான் பெட்ரோல் தான் சொல்லுவேன். கொலராடோ ஏறணும்னு அடம் புடிச்சா, சரி, அந்த எடத்துல மட்டும் நான் வாயடைச்சுக்கறேன். மேல ஏறும்போது 5,000 ஆர்பிஎம்ல கத்திட்டே போகும், உள்ள பேச முடியாது.


டீசல்_வைத்தியன்:

ட்ரக் ரிப்பேர் தான் பொழப்பு, அதனால புதுசு கட்டுப்படி ஆகாம செகண்ட் ஹேண்ட் பாக்கறவங்களுக்கு மட்டும் நாலு வார்த்த.

விலை சந்தேகப்படற அளவுக்கு கம்மியா இருந்தா வண்டிக்கு அடில படுத்துப் பாருங்க. புகைய சுத்தம் பண்ற டிபிஎஃப், எஸ்சிஆர் டப்பாவெல்லாம் இருக்கணும், அதுக்கு பதிலா நேரா பளபளன்னு ஒரு குழா போச்சுன்னா "டிலீட்" பண்ண வண்டி. அது ஃபெடரல் சட்டப்படி குத்தம், க்ளீன் ஏர் ஆக்ட், டீலர் கை வைக்க மாட்டான், திரும்ப பழைய மாதிரி ஆக்க ஆயிரக்கணக்குல செலவு. "மைலேஜ் சூப்பரா குடுக்குது பாஸ்"னு விக்கறவன் சொல்றதுக்கு பின்னாடி பாதி நேரம் இது தான் இருக்கும்.

ரெண்டாவது ஃப்யூயல் பம்ப். சிபி4ங்கற ஹை பிரஷர் பம்ப் 2011ல இருந்து 2016 வரைக்கும் டியூராமேக்ஸ்ல, 2011ல இருந்து ஃபோர்டு 6.7ல, 2019-20 ரேம்ல இருக்கு. அது உள்ள தேஞ்சு போச்சுன்னா இரும்புத்தூள் இன்ஜெக்டர் வரைக்கும் எல்லாத்துலயும் போய் உக்காந்துரும், மொத்த ஃப்யூயல் சிஸ்டத்தையும் மாத்த வேண்டி வரும். ரேம்ல ரீகால் பண்ணி பழைய சிபி3 மாட்டி குடுத்துட்டாங்க. 2017க்கு அப்புறம் வந்த டியூராமேக்ஸ்ல டென்சோ பம்ப். இதனால மத்தத வாங்காதீங்கன்னு சொல்ல வரல, ஒழுங்கா ஃபில்டர் மாத்துனதுக்கு ரசீது இருக்கான்னு கேளுங்க, தண்ணி பிரிக்கற டப்பாவ அப்பப்ப வடிச்சு விடுங்க.

அப்புறம் வீட்டம்மா தினமும் ரெண்டு மைல் ஸ்கூல் டிராப்புக்கு டீசல் எடுத்தா டிபிஎஃப் சூடே ஆகாது, கரி அடைச்சுட்டே வரும். வாரத்துக்கு ஒரு தடவையாவது ஹைவேல அரை மணி நேரம் விரட்டுங்க. புகைய சுத்தம் பண்ண ஊத்தற டெஃப் திரவத்துக்கு நீல மூடி, டீசலுக்கு பச்சை மூடி, அத மாத்தி ஊத்திட்டு எங்கிட்ட வந்தவங்க எண்ணிக்கை எனக்கே மறந்து போச்சு. அப்படி ஊத்திட்டா சாவிய மட்டும் திருப்பாதீங்க, அப்படியே டோ பண்ணுங்க. சில பங்க்ல பச்சை கைப்பிடி பெட்ரோலுக்கு வச்சிருக்கான், அதனால கலர நம்பாம எழுத்தப் படிங்க.


கம்மின்ஸ்_வெறியன்:

சரி சரி, 3500னு சொன்னேன்ல, அது மட்டும் கரெக்ட் தானே 😀


பெருந்துறையான்:

எல்லாருக்கும் அப்டேட். ஆறு வாரம் ஆச்சு, லேட்டுக்கு மன்னிக்கணும்.

மூணு வருஷ பழைய ஒரு டன் டூயலி டீசல் எடுத்துட்டேன், எட்டடி தொட்டி, வரம்பு 14,000, கதவு ஸ்டிக்கர் 5,500. கம்பெனி பேரு சொன்னா மறுபடி சண்டை வரும், சொல்லலைங்க. வைத்தியர் சொன்ன மாதிரி வாங்கறதுக்கு முன்னாடி தரைல படுத்து பாத்தேன், டப்பா எல்லாம் இருந்துது, சட்டை தான் போச்சு. கிளாஸ் ஏ டெஸ்ட் ரெண்டாவது தடவைல பாஸ், முதல் தடவை ரிவர்ஸ்ல ஒரு கோன பொதைச்சுட்டேன். ட்ரெய்லருக்கு நாலு டயரும் புதுசு.

போன சனிக்கிழமை எல்லாத்தையும் ஏத்திகிட்டு, பசங்க அம்மா எல்லாரையும் கூட்டிகிட்டு, ஹைவே ட்ரக் ஸ்டாப்ல லாரி எடை போடற கேட் ஸ்கேல்ல ஏறினோம். பெரிய லாரிங்களுக்கு நடுவுல வரிசைல நிக்கறப்ப கொஞ்சம் கூச்சமா தான் இருந்துது. முன் சக்கரம் ஒரு தட்டு, பின் சக்கரம் ஒரு தட்டு, ட்ரெய்லர் ஒரு தட்டுல வர்ற மாதிரி நிறுத்தணும், இருபது டாலருக்குள்ள தான் ஆச்சு. சீட்டுல வந்தது: முன் ஆக்ஸில் 5,030, பின் ஆக்ஸில் 7,160, ட்ரெய்லர் ஆக்ஸில் 10,560, மொத்தம் 22,750. அப்புறம் ட்ரெய்லர ஓரமா கழட்டி விட்டுட்டு ட்ரக்க மட்டும் ஏத்துனேன், 9,490. ஆக பின் வெயிட் 2,700, ட்ரெய்லர் முழு எடை 13,260. ட்ரக் 12,190ல நிக்குது, வரம்புக்கு இன்னும் 1,800 இருக்கு. அண்ணாச்சி 22 சதவீதம் சொன்னாரு, எனக்கு இருபதுக்கு கொஞ்சம் மேல வருது. எங்கம்மா அந்த சீட்ட வாங்கி படிச்சுட்டு, இதுல நான் எத்தனன்னு கேட்டாங்க.

ஒரே ஒரு சந்தேகம். பின்னாடி உள்பக்க டயருக்கு காத்து புடிக்க வால்வ் எட்ட மாட்டேங்குது, கைய விட்டு விட்டு முட்டி தேஞ்சு போச்சு. என்ன பண்றீங்க எல்லாரும்?


அமரில்லோ_அண்ணாச்சி:

அமரில்லோ வரும்போது சொல்லுங்க, காப்பி நம்ம வீட்ல. கிரைண்டர் எங்க வச்சிருக்கீங்கன்னு வந்து பாக்கணும்.


கேட்டி_மதுரக்காரி:

வால்வுக்கு இரும்பு எக்ஸ்டென்ஷன் விக்கிது, ரப்பர்ல வர்றத வாங்காதீங்க, லீக் ஆகும். உள் டயர் காத்து இல்லாம கிடந்தாலும் வெளி டயர் தாங்கிட்டு நிக்கிறதால பாத்தா தெரியவே தெரியாது, வாரம் ஒருக்கா கேஜ் வச்சே பாருங்க. அம்மாவுக்கு முன் சீட் குடுங்க, மலை அழகா தெரியும்.